காரைக்கால் கண்ட முழக்கம்

விடுதலை! சமத்துவம்! உடன்பிறப்புணர்வு! பாரிசு நகரத் தெருக்களில் 1789-ஆம் ஆண்டு பிறந்த புரட்சியின் கொடிகளில் பொறிக்கப்பட்ட சொற்கள் இவை. முடியைச் சாய்த்த சொற்கள். மதபீடத்தின் மமதையை மாய்த்த சொற்கள். அந்தச் சொற்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, நம் கொள்ளிடத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இறக்கினார்களே, இறங்கிய இடத்தில் அவை என்ன ஆயின? தோழர்கள் ஆராய வேண்டிய கேள்வி இது.

புவனகிரி மக்களுக்குப் பிரெஞ்சுக்காரர் வழிப்போக்கர் மட்டுமே. 1782-ஆம் ஆண்டு சுஃப்ரேன் என்னும் கடற்படைத் தலைவன் பரங்கிப்பேட்டையில் படையை இறக்கினான். ஐதர் அலியோடு சேர்ந்து அப்படை கடலூரைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே சண்டை ஓய்ந்தது. வெள்ளாற்றங்கரைக்கு அவர்கள் விட்டுச்சென்றது அவ்வளவுதான். ஆனால், இங்கிருந்து சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாகத் தெற்கே சென்றால், நண்டலாற்றுக்கு அப்பால் காவலர் தலையில் சிவப்புத் தொப்பி தென்படும். அதுதான் காரைக்கால். இரு நூற்றாண்டுக்கு மேல் பிரெஞ்சு நாட்டின் ஒரு மூலையாய் இருந்த தமிழூர்.

அது அவர்கள் கைக்குப் போன கதையே நம் அரசர்களின் பெருமைக்குச் சான்று கூறும்! தஞ்சை மராத்திய அரியணைக்கு அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்ட காலம். அரியணை இழந்த சகுஜி, 1738-இல் புதுவை ஆளுநர் துய்மாவிடம் உதவி வேண்டினான்; கைம்மாறாகக் காரைக்காலைத் தருவதாகச் சொன்னான். அரியணை மீண்டும் கிடைத்ததும் சொன்ன சொல் காற்றில் பறந்தது. திருச்சியில் இருந்த சந்தா சாகிபு தன் ஆட்களை ஏவி ஊரைப் பிடித்து, 1739-இல் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தான். ஊரில் உழுதவனை, நெய்தவனை, வலை வீசியவனை எவனும் ஒரு சொல் கேட்கவில்லை. பின்னர் 1750-இல் பிரதாப சிங்கன் எண்பத்தொரு ஊர்களை எழுதிக் கொடுத்தான். 1760-இல் ஆங்கிலேயர் பறித்தனர், ஒப்பந்தப்படி திருப்பித் தந்தனர், மீண்டும் பறித்தனர். ஐரோப்பாவில் இரு கொள்ளைக்காரர் கைகலந்தால் காரைக்காலில் கொடி மாறும்! 1814-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, 1817-இல் பிரெஞ்சுக் கொடி நிலையாக ஏறியது.

புரட்சி கண்ட நாட்டின் கொடி அல்லவா ஏறியது? இனிச் சாதி சாய்ந்திருக்கும், சனாதனம் சரிந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1819-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிறந்த ஆணை சொன்னது வேறு. இந்தியர்கள், இந்துவாயினும் இசுலாமியராயினும் கிறித்தவராயினும், முன்போலவே தத்தம் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்ப்புப் பெறுவர் என்றது அது. கவனியுங்கள் தோழர்களே, கிறித்தவரும்கூட! மதம் மாறியவனையும் விடாமல் துரத்திய சாதிக்கு, சமத்துவம் பேசிய அரசு காவற்காரன் வேலை பார்த்தது. ஏன்? வணிகம் நடக்க வேண்டும், வரி வர வேண்டும், மேல்சாதியார் முகம் கோணக்கூடாது. காரணம் இதைவிட ஆழமானதன்று.

இந்த இணக்கம் புதியதுமன்று. புதுவை மாதாகோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறித்தவரைப் பிரித்து வைக்கச் சுவர் ஒன்று இருந்ததையும், 1745-இல் அம்மக்கள் அதை எதிர்த்து நின்றதால் அது அகற்றப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. பாரிசில் புரட்சி வெடிப்பதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு! சுவரை இடிக்கச் சொன்னவர்களுக்கு ரூசோவைப் பற்றி யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை. தன்மானம் இறக்குமதிச் சரக்கு என்று ஏளனம் பேசுவோர் இந்த ஒரு செய்தியை எண்ணிப் பார்க்கட்டும்.

நீதிமன்றக் காலணி வழக்கு இன்னும் சுவையானது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற புதுவை வழக்கறிஞர் மேனாட்டுக் காலணி அணிந்து மன்றத்துள் நுழைந்தார். உள்நாட்டான் காலில் ஐரோப்பியக் காலணியா என்று நீதிபதி சினந்தார், தண்டித்தார். பொன்னுத்தம்பி பணியவில்லை, பாரிசிலிருந்த உயர்முறை மன்றம்வரை சென்றார், வென்றார். பிரெஞ்சுச் சட்டம் பாரிசில் ஒரு முகமும் புதுவையில் வேறொரு முகமும் காட்டியதை அந்தக் காலணிகள் அம்பலமாக்கின.

1881-இல் வேறொரு கதவு திறந்தது. சாதி வழக்கத்தையும் மத வழக்கத்தையும் துறப்பதாக ஒருவர் எழுதிக் கொடுத்தால், பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் அவரை ஆளும். குடும்பப் பெயர் ஒன்றும் அவர் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி முன்னின்று துறந்து, 'லப்போர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் 'கதவு' என்றே பொருள்! அதன் வழியே பெரிதும் சென்றவர் யார்? ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவரும். எதிர்த்து நின்றவர் யார்? சாதியால் சோறும் சிறப்பும் பெற்ற கூட்டம். சண்முக வேலாயுத முதலியார் அக்கூட்டத்தின் தலைவராகித் தேர்தல் அரங்கை ஆட்டிவைத்தார். வாக்குரிமை இருந்தது, உண்மைதான். ஆங்கில இந்தியாவில் அது கனவாக இருந்த காலத்திலேயே காரைக்கால் குடியானவன் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்தது. ஆனால் பட்டியல் ஒன்றன்று! 1884-இல் ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தோருக்கு ஒன்று, ஏனையோருக்கு ஒன்று என்று மூன்றாக்கினர். துறந்தோருக்குரிய பட்டியலை 1899-இல் ஒழித்தனர். ஐரோப்பியருக்கான தனிப் பட்டியலோ இரண்டாம் உலகப்போர் முடியும்வரை நீடித்தது. சமத்துவத்தையும் வருணம் பிரித்து வழங்கிய திறமையை மனுவே கண்டாலும் மெச்சியிருப்பான்.

இந்தச் சூழலிடையேதான் 1909-இல் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் காரைக்காலை அடுத்த நிரவிக்குத் தமிழாசிரியராய் வந்தார். பெயர் சுப்புரத்தினம். பின்னாளில் பாவேந்தர் பாரதிதாசன்! பள்ளிக்கூடத்துப் பலகைமுன் நிற்கும் என் போன்றோர்க்கு, காரைக்காலின் கோட்டை, கொத்தளம், ஆளுநர் பட்டியல் அனைத்தையும்விட அந்த நிரவிப் பள்ளிக்கூடமே பெரிய மரபுச் சின்னம். ஆனால் ஊரைக் காண வருவோர் கூட்டமோ பக்கத்திலுள்ள திருநள்ளாற்றுக்குத்தான் அலைமோதுகிறது. வானத்தில் வட்டமிடும் கோள் ஒன்று தன் வழியே நகர்ந்ததற்காக, நம்மவர் குளத்தில் முழுகி உடுத்த துணியைக் களைந்தெறிகிறார்கள்! வால்த்தேரின் நாடு இரு நூற்றாண்டு ஆண்டும் சனியை அசைக்க முடியவில்லை, அசைக்க முனையவுமில்லை.

1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் மக்களின் சார்பாளர் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்புதலுக்கு 1962 ஆகத்து 16 வரை காத்திருக்க நேர்ந்தது. குண்டுச் சத்தமின்றி ஒரு வல்லரசு வெளியேறியதைப் பாராட்டலாம், தவறில்லை.

ஆனால் காரைக்காலின் வரலாறு காரைக்காலோடு முடிவதில்லை. 1848-இல் பிரெஞ்சு நாடு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கைகள் வேண்டுமே! காரைக்கால், புதுவைத் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்த் தமிழர்கள் ஏற்றப்பட்டார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853-இல் மார்த்தினிக்குத் தீவிலும் 1854-இல் குவாதலூப்புத் தீவிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் 1888-க்குள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். எல்லாரும் காரைக்காலார் அல்லர். ஆங்கில எல்லைக்குட்பட்ட ஊர்களிலும் ஆள் பிடித்தார்கள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, கடலுக்கப்பால் கஞ்சியேனும் கிடைக்குமென்று ஏறியவர்கள் அவர்கள். 'அடிமை' என்ற சொல் போயிற்று. கரும்புக் காடும் கங்காணியும் அப்படியே இருந்தனர்.

அந்தத் தீவில், கப்பெசுத்தேர் என்ற ஊரில், 1863-ஆம் ஆண்டு ஒரு கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் ஆன்றி சிதாம்பரோம். பெயரைச் சற்றே உரக்கச் சொல்லிப் பாருங்கள்: சிதம்பரம்! நமக்கு அண்டையிலுள்ள ஊரின் பெயர், பிரெஞ்சு நாவில் உருண்டு உருமாறி நிற்கிறது. பிரெஞ்சு மண்ணில் பிறந்த இந்தியரின் மக்களுக்கு வாக்குரிமை இல்லையென்று அரசு கைவிரித்தது. சிதாம்பரோம் 1904-இல் வழக்காடத் தொடங்கினார். ஆளுநர் எதிர்த்தார். ஓராண்டன்று ஈராண்டன்று, பத்தொன்பது ஆண்டு போராடினார். 1923-இல் அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்களே என்று பாரிசு ஒப்புக்கொண்டது. பாரிசு நகரில் பிறந்த மூன்று சொற்களைப் பாரிசுக்கே படித்துக்காட்டிய அந்தத் தமிழ்க் குருதி 1952-இல் அடங்கியது. அத்தீவின் வாக்காளர் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன.