வேங்கைவயல்: ஓர் அலைக்கழிப்பின் வரலாறு

தூணுக்கும் கம்பத்துக்கும் அலையவிடுவது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. பழைய டென்னிஸ் ஆட்டத்தில் பந்து அங்குமிங்கும் அடிபட்டதிலிருந்து வந்தது என்பார்கள். நமக்கு 'அலைக்கழிப்பு' என்ற ஒரு சொல்லே போதும். தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்ற எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

வேங்கைவயலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள் தோழர்களே. 2022 டிசம்பர் கடைசியில் சேரிக் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவமனையில். டிசம்பர் 26 அன்று மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால், உள்ளே மனித மலம். மறுநாள் கலெக்டரும் எஸ்.பி.யும் வந்தார்கள். விசாரித்ததில் டீக்கடை இரட்டைக் குவளையும் கோயிலுக்குள் விடாத வழக்கமும் சேர்ந்தே வெளியே வந்தன. அதிகாரிகளே மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அலைச்சல். உள்ளூர் போலீஸிடமிருந்து 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. மரபணுச் சோதனைக்குப் பாதிக்கப்பட்ட தெருக்காரர்களிடமே ரத்தம் கேட்டார்கள். "தண்ணீர் குடித்தவர்கள் நாங்கள், எங்களையா?" என்று சிலர் மறுத்தார்கள். நீதிமன்ற உத்தரவு வந்தது; கொடுத்தார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். இங்கே அது வந்தது 2025 ஜனவரியில். அதில் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே தெருவின் தலித்துகள். ஊராட்சித் தலைவரின் கணவரோடு இருந்த பகைதான் காரணம் என்றது சிபிசிஐடி. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதை ஏற்காமல் சிபிஐ விசாரணை கேட்டன.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் செய்தால்தான் அந்தச் சட்டத்தில் வன்கொடுமை. குற்றம் சாட்டப்பட்டவர்களும் தலித்துகள் என்றானதும் சட்டமே விலகிக்கொண்டது. 2025 பிப்ரவரியில் வழக்கு புதுக்கோட்டை சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

மூவரும் செய்தார்களா இல்லையா என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. 60 நாளில் முடிய வேண்டியது ஏன் இரண்டு வருடத்தைத் தாண்டியது? இதற்கு இன்னும் எந்த அதிகாரியும் அந்தத் தெருவில் வந்து பதில் சொல்லவில்லை. புகார் கொடுக்கப் புறப்பட்டவர்களின் வழக்கு அத்தனை வாசல்களையும் சுற்றிவிட்டு அவர்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.