பேட்டரி தீர்ந்தால் செத்துப்போகும் போர்டு

இது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் போர்டின் கதை. ஜப்பானின் கேப்காம் 1993-இல் சிபிஎஸ்-2 போர்டைக் கொண்டு வந்தது. முதல் ஆட்டம் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. கள்ள நகல் போடாமலிருக்க புரோகிராமைப் பூட்டி, சாவியைத் தனியாகச் செய்த சிப்புக்குள் பேட்டரி தயவில் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும்; போர்டும் அவ்வளவுதான்.

2007-இல் நிக்கோலா சால்மோரியா, ஆண்ட்ரியாஸ் நைவ் இருவரும் பூட்டின் கணக்கை அவிழ்த்தார்கள். 2016-இல் எடுவர்டோ குரூஸ் குழுவினர் அதே சிப்புக்குள் சாவியைத் திரும்ப எழுதும் வழியை வெளியிட்டார்கள். செத்த போர்டுகள் எழுந்தன!

காமர்ஸ் படிக்கிற எனக்கு ஒரு சந்தேகம். காசு கொடுத்து வாங்கிய சொத்தின் ஆயுளை, விற்றவர் வைத்த பேட்டரி தீர்மானிக்கலாமா? இதைத் தேய்மானம் என்று எழுதினால் என் மனசு ஒப்பவில்லை.