இந்த இடம் இல்லை

இந்த எபிசோட் ஒரு பட்டனைப் பற்றியது. போனில் மேப் ஆப்பைத் திறந்து, ஏதாவது ஒரு இடத்தைத் தொட்டு, திருத்தம் சொல்லப் போனீங்கன்னா வரிசையா சில கேள்விகள் வரும். பேர் தப்பா, நேரம் தப்பா, இடம் மாறிடுச்சா. அதில் ஒண்ணு, 'இந்த இடம் இல்லை.' போன பொங்கல் லீவில் நான் அதை அழுத்தினேன். மூணாவது நாள் 'உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது, நன்றி'ன்னு மெயில் வந்தது. ஒரு கிராமத்தின் பேர் மேப்பிலிருந்து போயிடுச்சு.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எனக்கு சென்னையில் டேட்டாபேஸ் வேலை. தப்பான ரெக்கார்டு கண்ணில் பட்டா சரி பண்ணாம தூக்கம் வராத ரகம். இதை முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா கதையில் குற்றவாளி நான்தான்.

விஷயம் இப்படி ஆரம்பிச்சது. தங்கச்சி கல்யாணத்துக்கு சென்னையிலிருந்து ராத்திரி காரில் கிளம்பின நண்பன் பதினோரு மணிக்குப் போன் பண்றான். "டேய், ரோடு திடீர்னு ஒரு மண் மேட்டில் முடிஞ்சுபோச்சுடா. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே லைட்டா இருக்கு, ஏர்போர்ட் மாதிரி." அது ஏர்போர்ட் இல்லை, சுரங்கம். ஆப்பு காட்டின ரோடு எப்பவோ வெட்டப்பட்டு, வேற பக்கமா சுத்திப் போகுது. எங்க ஊர்க்காரனுக்கு இது தெரியும், ஆப்புக்குத் தெரியாது.

அடுத்த பொங்கலுக்குப் போனப்போ, கரும்பைக் கடிச்சுக்கிட்டே திருத்த உட்கார்ந்தேன். முதல் தலைவலி 'வட்டம்'. எங்க டவுன்ஷிப் முப்பது சொச்சம் பிளாக்கா பிரிஞ்சிருக்கு, தமிழில் அதுக்கு வட்டம்னு பேர். "எந்த வட்டம்?"னு கேட்டா நம்பரைச் சொல்லுவோம். ஆனா அரசாங்கத் தமிழில் வட்டம்னா தாலுகா. நெய்வேலி இருக்கிறதோ குறிஞ்சிப்பாடி வட்டத்தில். அதனால ஒரே விலாசத்தில் ரெண்டு வட்டம் வரும், அர்த்தம் வேற வேற. மெஷின் குழம்பாம என்ன செய்யும்? எங்க தெருவில் ஒரு கடையை ஆப்பு நம்பவே முடியாத தூரத்தில் குத்தி வெச்சிருந்தது. நகர்த்தினேன். வெட்டுப்பட்ட ரோடுகளைச் சொன்னேன். அப்புறம் சாட்டிலைட் படத்துக்கு மாறினேன். சுரங்கக் குழியின் நட்ட நடுவில் ஒரு கிராமத்தின் பேர் மிதந்துக்கிட்டு இருந்தது. வீடு இல்லை, மரம் இல்லை, கீழே கறுப்பு. அழுத்திட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு மந்தாரக்குப்பம் டீக்கடையில் அப்பாவோட பழைய சிநேகிதர் ஒருத்தரைப் பார்த்தேன். நான் பெரியப்பான்னுதான் கூப்பிடுவேன். பெருமையா போனை எடுத்துக் காட்டினேன், எல்லாம் நான் சரிபண்ணதுன்னு. அவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு கொஞ்ச நேரம் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தார். "எங்க ஊரு பேர் இதுல இருக்கும் தம்பி. பேரன் போட்டுக் குடுத்தான். இப்ப காணோமே?"

அவர் எந்த ஊர்க்காரர்னு எனக்கு இருபத்தெட்டு வயசு வரைக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை. டவுன்ஷிப் பசங்களுக்கு எல்லாரும் 'நெய்வேலிக்காரங்க'தான்.

இப்போ கொஞ்சம் பின்னாடி போகணும். நெய்வேலின்னா நமக்கு டவுன்ஷிப், ஆர்ச் கேட், கரன்ட். ஆனா அது முதலில் ஒரு கிராமத்தின் பேர். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டினப்போ கறுப்பா ஏதோ வந்ததும், அவர் அதை அரசாங்கத்துக்குத் தெரிவிச்சதும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடப் பசங்களுக்கே தெரிஞ்ச கதை. அப்புறம் வருஷக்கணக்கா துளை போட்டுப் பார்த்தாங்க. 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவாச்சு. 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். 1961-இல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிஞ்சது, அடுத்த வருஷம் மின்சாரம்.

நாலு வருஷம் ஏன் ஆச்சு? ரெண்டு காரணம். ஒண்ணு, நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண். பல அடுக்கு மாடி உயரத்துக்கு அதை வெட்டி எடுக்கணும். இன்னொண்ணு, நிலக்கரிக்கு அடியில் இருக்கிற ஊற்று. பயங்கர அழுத்தத்தில் மேலே முட்டிக்கிட்டு நிற்கும். இடைவிடாம தண்ணியை இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கலைன்னா சுரங்கத்தின் தரையே பொத்துக்கிட்டு வந்துடும். அந்த பம்ப்புகள் இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

மேப்புக்கு முக்கியமான விஷயம் அந்த மண் எங்கே போகுதுங்கிறது. சக்கரத்தில் வாளி கட்டின மாதிரி ராட்சச எந்திரம் முன்பக்கத்தில் வெட்டும். கன்வேயர் அந்த மண்ணைத் தூக்கிக்கிட்டுப் போய், ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடிச்ச பின்பக்கத்தில் கொட்டும். அதாவது குழி ஒரே இடத்தில் ஆழமாகிக்கிட்டே போறதில்லை. குழி நடக்கும். முன்னாடி ஒரு முந்திரிக்காடு குழியாகும், பின்னாடி குழி மேடாகும், மேட்டில் மரம் நடுவாங்க. பத்து வருஷ இடைவெளியில் ரெண்டு சாட்டிலைட் படம் எடுத்துப் பார்த்தீங்கன்னா ரெண்டும் சரிதான், ஆனா ரெண்டும் வேற ஊர்.

ரோடு நகரும். ஆறும் நகரும். 2023 ஜூலையில் வளையமாதேவி வயலில் எந்திரம் இறங்கின வீடியோ நிறையப் பேர் பார்த்திருப்பீங்க. பரவனாற்றை நிரந்தரமா திருப்பி விடறதுக்கான கால்வாய் வேலை அது. நிலம் பல வருஷம் முன்னாடியே எடுத்தாச்சுங்கிறது நிறுவனத்தின் பக்கம். விளைஞ்சு நிற்கிற நெல்லை எப்படி அழிக்கலாம்ங்கிறது விவசாயிகள் பக்கம். ஒரு பக்கத்துக்கு காகிதத்தில் இருக்கிற தேதி உண்மை, இன்னொரு பக்கத்துக்கு அன்னைக்குக் காலையில் வயலில் நின்ன பயிர் உண்மை. பயிரை அழிச்சது கண்ணில் நிற்குது, அதனால எனக்கு நடுநிலையாப் பேச வரலை. ஆனா அந்த இழுபறிதான் என் பட்டனுக்குள்ளேயும் இருந்ததுன்னு அப்புறம்தான் புரிஞ்சது.

மேப்பில் தப்பைத் திருத்தறது நம்ம ஊரில் ரொம்பப் பழைய வேலை. 1802 ஏப்ரல் 10-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் ஒரு கோட்டை அளக்க ஆரம்பிச்சார். சுமார் 12 கிலோமீட்டர். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளந்த வேலைக்கு அதுதான் அடித்தளம். அளந்தது எஃகுச் சங்கிலியால். சென்னை வெயிலில் எஃகு நீளும், அதனால பக்கத்திலேயே தெர்மாமீட்டர் வெச்சு, சூட்டுக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினாங்க. 1808-இல் தஞ்சாவூர் போனார். எங்க ஆர்ச் கேட் வழியா போற கும்பகோணம் ரோட்டைப் பிடிச்சா நேரா அங்கேதான். டெல்டா பூமி தட்டையா இருக்கும், குன்று கிடையாது, அதனால கோயில் கோபுரங்கள்தான் அவருக்கு மலை. பெரிய கோயிலில் அரை டன் எடை தியோடலைட்டை மேலே ஏத்தும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் அளக்கிற வட்டம் நெளிஞ்சுபோச்சு. வேற கருவி இங்கிலாந்திலிருந்து வரணும். மனுஷன் கூடாரத்துக்குள்ள உட்கார்ந்து ஏறக்குறைய ஆறு வாரம் அதைத் தட்டித் தட்டி நிமிர்த்தினார்.

எனக்கு லாம்ப்டனை ரொம்பப் பிடிக்கும், என்னை மாதிரியே ஒரு ஆள். ஆனா அவருக்கு இருந்த நிம்மதி எனக்கு இல்லை. சங்கிலி நீளும், வட்டம் நெளியும், ஆனா தஞ்சாவூர் அங்கேயேதான் இருக்கும். தப்பெல்லாம் அளவில்தான், தரையில் இல்லை.

அதுக்கப்புறம் ரொம்ப காலம் திருத்தற உரிமை சர்வே துறைகிட்டதான் இருந்தது. நம்ம கைக்கு வந்தது 2008-இல், கூகுள் மேப் மேக்கர் மூலமா. லலிதேஷ் கட்ரகட்டா, சஞ்சய் ஜெயின்னு ரெண்டு இந்திய எஞ்சினியர்களின் யோசனை அது. விலாசமே சரியா இல்லாத ஊர்களில், அங்கே இருக்கிறவங்களே வரையட்டும்னு. 2013-இல் கூகுள் 'மேப்பத்தான்'னு போட்டி வெச்சப்போ, பாதுகாப்பான இடங்களையும் குறிக்கிறாங்கன்னு சர்வே ஆஃப் இந்தியா போலீஸில் புகாரே கொடுத்தது. 2015-இல் பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்தில் யாரோ ஆண்ட்ராய்டு பொம்மை ஆப்பிள் லோகோ மேல ஒண்ணுக்குப் போற மாதிரி பூங்கா வரைஞ்சு வெக்க, கொஞ்ச நாள் கடையைச் சாத்தினாங்க. 2017-இல் மொத்தமா மூடியாச்சு. அதே 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வெச்சு மக்களே தண்ணி நிற்கிற தெருக்களைக் குறிச்சாங்க. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு மேப் விதிகளைத் தளர்த்தினது வேற கதை, இன்னொரு நாள் பேசலாம்.

டீக்கடைக்கு வரேன். பெரியப்பாகிட்ட நான் லாஜிக் பேசினேன். "ஊர் இல்லையே பெரியப்பா. யாராவது தேடிக்கிட்டு வந்தா குழியில இல்ல நிப்பாங்க?" அவர் கோபப்படலை. "கவர்மென்ட்டு காகிதத்துல இருக்குதுப்பா"ன்னார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். அவர் சொன்னது சரி. வருவாய்த் துறைக்கு கிராமம்னா வீடுகள் இல்லை, ஒரு எல்லைக்குள்ள இருக்கிற சர்வே எண்கள். ஒரு ஆள்கூட வசிக்கலைன்னாலும் வருவாய்க் கிராமம் கிராமம்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஆள் குடியிருக்காத கிராமங்களுக்குத் தனி எண் கொடுத்து, மக்கள்தொகை பூஜ்யம்னு போட்டு வைப்பாங்க. பட்டாவில் ஒரு எழுத்து தப்புன்னாலும் அதைத் திருத்த எத்தனை தடவை தாலுகா ஆபீஸ் நடக்கணும்னு நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியும். 1979-லிருந்து 1987 வரை நடந்த யு.டி.ஆர். வேலையில் விழுந்த பேர்ப் பிழைகளை இன்னைக்கும் மக்கள் திருத்திக்கிட்டு இருக்காங்க. அந்த மந்தத்தை நான் எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன்! இங்கே அதே மந்தம்தான் ஒரு ஊர்ப் பேரைக் காப்பாத்தி வெச்சிருக்கு. நான் மூணு நாளில் தூக்கிட்டேன், யாரையும் ஒரு வார்த்தை கேட்காம.

ஆப்பில் திரும்பச் சேர்க்கப் பார்த்தேன். நிராகரிச்சுட்டாங்க. நியாயம்தான், சாட்டிலைட் படத்தில் குழிதானே தெரியுது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் தரையில் இருக்கிறதைத்தான் வரையணும்னு விதி. அப்புறம்தான் ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப்னு ஒண்ணு கிடைச்சது. இப்போ இல்லாத இடங்களுக்காகவே இருக்கிற மேப். ஒவ்வொரு இடத்துக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதின்னு ரெண்டு கட்டம் இருக்கும்.

போனை எடுத்துக்கிட்டு திரும்ப மந்தாரக்குப்பம். "ஊர் எப்போ காலியாச்சு பெரியப்பா?" வருஷம் அவருக்கு ஞாபகம் இல்லை. யோசிச்சுட்டு, "எம்.ஜி.ஆர். செத்தாரு பாரு, அதுக்கு அடுத்த பங்குனி. உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு போயிட்டு வந்து மறுவாரம் சாமான் ஏத்துனோம்." எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. முடிவுத் தேதிக் கட்டத்தில் 1988-ன்னு போட்டேன்.

தொடக்கத் தேதி? அவர் சிரிச்சார். "அது எங்க தாத்தாவுக்கே தெரியாது." காலியா விட்டேன்.

பழைய பேர் எங்கே மிதந்துதோ அங்கேயே புள்ளி வெச்சுக் காட்டினேன். சாட்டிலைட் படத்தில் வெறும் கறுப்பும் சாம்பலும். அதில் என்னத்தைப் பார்க்கிறார்னு எனக்குப் புரியலை, ஆனா பார்த்தார். குழிக்கு வெளியே ஒரு ஓரமா இருக்கிற ஏரியைத் தொட்டார். அங்கேயிருந்து விரலை மெதுவா இழுத்துக்கிட்டு வந்தார். இது மல்லாட்டைக் கொல்லை, இது பெரிய பலாமரம், இது பள்ளிக்கூடம் போற வழி.

"நீ வெச்சிருக்கிறது காலனித் தெரு தம்பி. மாரியாத்தா கோயில் இன்னும் கிழக்கால."

நகர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம்."

ஊர் பேரை எபிசோடில் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால சொல்லலை. பக்கத்து ஊர் ரெண்டு பாக்கி இருக்காம், அந்த ஊர்க்காரங்களைக் கூட்டிக்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கார். தீபாவளிக்குப் போறேன்.