பழைய எம்ஜிபி காரின் சஸ்பென்ஷன்: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களில் பலர் முதலில் கைவைப்பது அதன் சஸ்பென்ஷனில்தான். மேடு பள்ளத்தில் தூக்கிப் போடுகிறது, வளைவில் சாய்கிறது, ஸ்டீயரிங் பிடித்த பிடியில் நிற்பதில்லை என்பார்கள். ஆனால், பல வேளைகளில் குறை பழைய வடிவமைப்பில் இருப்பதில்லை. தேய்ந்துபோன பாகங்களில்தான் இருக்கிறது. பிரிட்டனின் எம்ஜிபி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1962இல் அறிமுகமான எம்ஜிபி, 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்டது. கூரை மூடிய ஜிடி வகையையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுவதால், இதைப் பழுதுபார்த்து ஓட்டுவோர் பல நாடுகளில் உள்ளனர்.

இதன் முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங். பின்பக்கம் லாரிகளில் இருப்பதுபோல் பட்டை ஸ்பிரிங். அப்சோபர் மட்டும் இன்றைய கார்களில் உள்ள நீண்ட குழாய் வகை அல்ல. எண்ணெய் நிரம்பிய ஓர் உலோகப் பெட்டியும், அதிலிருந்து நீளும் ஒரு கையும் கொண்ட பழைய வகை. முன்பக்கத்தில் அந்தக் கைதான் சக்கரத்தை மேலிருந்து பிடித்திருக்கும் பாகமும்கூட. எனவே, அந்த அப்சோபர் தேய்ந்தால் பயணம் குலுங்குவதோடு நிற்காது; சக்கரமே நிலையில்லாமல் ஆடும்.

முதலில் சோதனை

காரின் ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. தொடர்ந்து ஆடினால், அப்சோபரில் எண்ணெய் குறைந்திருக்கலாம் அல்லது வால்வு கெட்டிருக்கலாம். அதன் கை பெட்டியோடு சேரும் இடத்தில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால், எண்ணெய் ஊற்றுவது தற்காலிகத் தீர்வு மட்டுமே.

அடுத்து, முன்பக்கத்தை ஜேக்கில் தூக்கி, தாங்கியில் பத்திரமாக நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டலாம். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கர பேரிங்கில் இருக்கக்கூடும். நிற்காவிட்டால் கிங்பின், புஷ், அப்சோபர் கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எம்ஜிபியின் கிங்பின்னுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். அதை மறந்த கார்களில் எந்தப் புதிய ஸ்பிரிங்கைப் போட்டாலும் ஸ்டீயரிங் சரியாகாது.

டயரையும் விட்டுவிடக்கூடாது. பழைய கார்கள் அதிகம் ஓடாததால் டயரின் பூ தேயாமலே ரப்பர் இறுகிப்போகும். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி 4 இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

பிறகு மேம்பாடு

செலவு குறைந்து பலன் கூடிய மாற்றம் புஷ்தான். 1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 காரில், முன்பக்கக் கீழ்க்கைகளுக்கு இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர் புஷ் இருந்தது. அது சாதாரண எம்ஜிபிக்கும் பொருந்தும், நீடித்தும் உழைக்கும். பாலியூரிதேன் புஷ் இன்னும் கெட்டியானது. ஸ்டீயரிங் துல்லியமாகும், ஆனால் சாலை அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். ரப்பர் புஷ் போட்டால், கார் தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் போல்ட்டை முழுமையாக இறுக்க வேண்டும். ஜேக்கில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

அடுத்தது அப்சோபர். பழைய வகையையே புதுப்பித்துப் போடலாம். குழாய் வகைக்கும் மாறலாம். மாறுபவர்கள் அதைத் தாங்கும் இரும்புப் பிடிகள் பொருத்தப்படும் இடத்தில் துரு இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. துருப்பிடித்த தகட்டில் கெட்டியான அப்சோபரை மாட்டினால் தகடு விரிசல் விடும்.

வளைவில் சாய்வதைக் குறைப்பது இரு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பி. 1974இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு பம்பர் மாட்டி எம்ஜிபியின் உயரத்தைக் கூட்டியபோது, செலவைக் குறைக்க முன்பக்கக் கம்பியை நீக்கினார்கள். கார் அதிகம் சாயத் தொடங்கியது. 1977 மாடலில் முன்னும் பின்னும் கம்பி கொடுத்து அதைச் சரிசெய்தார்கள். அக்காலக் காரை வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றம் நல்ல பலன் தரும். ஆனால், பின்பக்கம் மட்டும் தடித்த கம்பி போட்டால் மழை ஈரத்தில் வால்பகுதி வழுக்கிச் செல்லும்.

கவனிக்க வேண்டியவை

அழுத்தத்தில் இருக்கும் சுருள் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அந்த வேலையை உரிய கருவியுள்ள பட்டறையிடம் விட வேண்டும். வேலை முடிந்ததும் சக்கர அலைன்மெண்ட் பார்ப்பது அவசியம். காரின் உயரத்தையோ அமைப்பையோ மாற்றும் முன், மலேசியாவில் ஜேபிஜேயிடமும் சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் விதிமுறைகளைக் கேட்டறிவது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போவதே சிக்கனம். கழற்றிய அசல் பாகங்களைத் தூக்கி எறியாமல் எண்ணெய் தடவி வைப்பதும் நல்லது. பின்னாளில் காரை விற்கும்போதோ பிள்ளைகளிடம் ஒப்படைக்கும்போதோ அதைப் பழைய நிலைக்கே கொண்டுவர அவை உதவும்.