அசைந்தால் அடங்கும் அலை

கதை எழுதுகிறவனுக்கு ஓர் ஆசை உண்டு. கதாநாயகன் ஓடினால், சாய்வு நாற்காலியில் படித்துக்கொண்டிருப்பவரின் காலும் ஒரு கணம் துடிக்க வேண்டும் என்பது. இது வீண் ஆசையல்ல என்று எனக்குத் தைரியம் சொன்னது, மூளை அலைகளின் சரித்திரம்.

ஜெர்மனியில் யேனா நகரத்து மனநோய் வைத்தியர் ஹான்ஸ் பெர்கர், 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்து வருஷம் வெளியே மூச்சு விடவில்லை, 1929-ல்தான் பிரசுரித்தார். பரிசோதனைக்குத் தலையைக் கொடுத்தவர்களில் அவருடைய மகன் கிளௌஸும் ஒருவன். கண்ணை மூடிச் சும்மா இருந்தால் வினாடிக்குச் சுமார் 10 அலைகள். கண்ணைத் திறந்தால் அவை அடங்கிவிடும். பலர் நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஆட்ரியனும் மாத்யூஸும் செய்து காட்டிய பிறகே உலகம் ஒப்புக்கொண்டது.

அடுத்து, பிரான்ஸ் தேசத்து மார்சேல் நகரில் ஆன்ரி காஸ்தோ என்ற வைத்தியர், 1952-ல் வேறோர் அலையை விவரித்தார். பெண்குழந்தைகள் தலைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டுகிறார்களே, ஏறக்குறைய அந்த இடத்தில், உடலின் அசைவை ஆளும் பகுதியில் எழுவது அது. 'மியூ' என்பது இப்போது அதன் பெயர். கண்ணைத் திறந்தால் இது கலையாது. கையை மடக்கினால் கலைந்துவிடும். 1954-ல் அவர் வெளியிட்ட செய்தி இன்னும் விநோதமானது. திரையில் குத்துச்சண்டை நடந்தபோது, அசையாமல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் அந்த அலை அடங்கிற்று!

பிறந்த குழந்தையிடம் இந்த அலை தெளிவாக இல்லை. சில மாதங்கள் சென்று, கை நீட்டிப் பொருளைப் பற்றும் பருவத்தை ஒட்டித் தலைகாட்டுகிறது. முதல் வருஷத்தில் அதன் வேகம் வினாடிக்கு 6 முதல் 9 வரை. வயது ஏற ஏற அதுவும் விரைந்து, பெரியவர்களிடம் 8 முதல் 13 வரை ஆகிறது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பிறர் கை ஒரு பொருளை எட்டுவதைப் பார்த்த ஒன்பது மாதக் குழந்தைகளிடமும் அலை தணிந்தது. கை எட்டப் போகிறது என்று எதிர்பார்த்தபோதே தணிந்துவிட்டதாம்!

இதனால் குழந்தைக்குப் பிறர் மனசு புரிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது; அறிஞர்களிடையே அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. மூலையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைச் 'சும்மா வேடிக்கை பார்க்கிறது' என்கிறோம். நாம் கை ஓங்கினாலும், கை கொடுத்தாலும், அங்கே ஒரு சிறு மூளை உடன் அசையத் தயாராகிறது. வேடிக்கை பார்ப்பது அதற்குச் 'சும்மா' அல்ல.