ஆல்கேன் மாற்றியங்கள்: எண்ணிக்கையும் பெயரீடும்

ஒரே மூலக்கூறு வாய்பாட்டைக் கொண்டிருந்தும், அணுக்கள் பிணைந்துள்ள முறையில் வேறுபடும் சேர்மங்கள் அமைப்பு மாற்றியங்கள் எனப்படும். 1820களில் லீபிக் ஆராய்ந்த சில்வர் ஃபல்மினேட் தொட்டாலே வெடிக்கக்கூடியது. வோலரின் சில்வர் சயனேட் அப்படிப்பட்டதல்ல. ஆனால் பகுத்துப் பார்த்தபோது இரண்டின் இயைபும் ஒன்றாகவே இருந்தது. இத்தகைய சேர்மங்களுக்கு 1830இல் பெர்சீலியஸ் பொதுப்பெயர் சூட்டினார். காரணம் புரிய, கார்பன் நான்கு பிணைப்புகள் கொள்ளும், கார்பனோடு கார்பன் தொடராக இணையும் என்று கெக்குலேயும் கூப்பரும் 1858இல் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமைப்பை வரைய முடிந்ததும், எத்தனை வரையலாம் என்ற கேள்வி எழுந்தது. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆர்தர் கெய்லி ஹைட்ரஜனை நீக்கிவிட்டுக் கார்பன்களை மட்டும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் வரைந்தார். 1875இல் 13 கார்பன் வரை அவர் தந்த பட்டியலில் கடைசி இரண்டும் பிழை: 355க்குப் பதில் 357, 802க்குப் பதில் 799. கெய்லிக்கே சறுக்கும் அளவுக்கு, விடுபடுவதும் இருமுறை எண்ணப்படுவதும் இதில் எளிது.

டெக்சாஸில் ஹென்சும் பிளேரும் 1931இல் கையாண்ட வழி துப்புரவானது. முதலில் ஆல்கைல் தொகுதிகளை எண்ணி, பிறகு மூலக்கூறை அதன் நடுவிலிருந்து கட்டுவது. ஹெக்சேனைப் பார்ப்போம். நடுவில் பிணைப்பு இருந்தால் இருபுறமும் மும்மூன்று கார்பன். மூன்று கார்பன் தொகுதி புரப்பைல், ஐசோபுரப்பைல் என இரண்டே வகை. அவற்றை இணைசேர்த்தால் 3 மூலக்கூறுகள்: ஹெக்சேன், 2-மெத்தில்பென்டேன், 2,3-டைமெத்தில்பியூட்டேன். நடுவில் கார்பன் இருந்தால் எந்தக் கிளையிலும் இரண்டு கார்பனுக்கு மேல் இராது. எஞ்சிய ஐந்தையும் 2+2+1 எனப் பிரித்தால் 3-மெத்தில்பென்டேன். 2+1+1+1 எனப் பிரித்தால் 2,2-டைமெத்தில்பியூட்டேன். ஆக 5. இதே வழியில் 20 கார்பனுக்கு 3,66,319 வரும். 1937இல் போல்யா இதையெல்லாம் பொதுத் தேற்றமாக்கினார்.

1892இல் ஜெனீவா மாநாடு வகுத்த பெயரீட்டு விதி, மிக நீண்ட சங்கிலியை அடிப்படையாகக் கொண்டது. மாணவர் தாளில் அடிக்கடி தென்படும் 2-எத்தில்பியூட்டேனில் நீண்ட சங்கிலியைத் தேடினால் ஐந்து கார்பன் கிடைக்கும், அது 3-மெத்தில்பென்டேனேதான். வரைந்தவற்றுக்கெல்லாம் விதிப்படி பெயரிட்டுப் பார்ப்பதே இரட்டிப்பைக் கண்டுபிடிக்கச் சுருக்கு வழி.

இந்த எண்கள் முப்பரிமாண வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. ஹெப்டேனின் 9 மாற்றியங்களில் 3-மெத்தில்ஹெக்சேனுக்கும் 2,3-டைமெத்தில்பென்டேனுக்கும் ஆடிப்பிம்ப வடிவங்கள் உண்டு, சேர்த்தால் 11. மறுபுறம், 17 கார்பன் பட்டியலில் இடம்பெறும் டெட்ரா-மூவிணைய-பியூட்டைல்மீத்தேனை இதுவரை எவரும் தயாரித்ததில்லை. நடுக்கார்பனைச் சுற்றி அவ்வளவு நெரிசல்.