1815க்குப் பிந்தின வீடுகள்

காலிக் கோட்டைக்குள் வீடு வைத்திருக்கிற ஒருவர், பீலி ஓட்டைக் கழற்றிப்போட்டுத் தகரம் அடிக்க நினைத்தால் உடனே அடித்துவிட ஏலாது. முதலில் அனுமதி எடுக்க வேணும். அந்தக் கோட்டை நகரம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அனுமதி கேட்கிற சட்டத்தின் வேர் அதற்கும் பழையது: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம்.

அந்தச் சட்டம் பழமைக்கு ஒரு நாள் குறித்திருக்கு: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தினது தொல்பொருள். பிந்தின கட்டடம் ஒன்றைக் காக்க வேணுமெண்டால் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேணும்.

இந்த அளவுகோலை எங்கட முரசுமோட்டையில் வைத்துப் பார்த்தோம். இரணைமடுக்குள வேலை தொடங்கினது 1902இல். இண்டைக்கு நாங்கள் காணுகிற வாய்க்காலும் வயலும் அதற்குப் பிறகு உருவானவை. சட்டத்தின் கண்ணுக்கு எங்கட ஊர் வீடுகள் புதுசு.

2009 ஜனவரியில் சனம் பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போனது. திரும்பி வந்தபோது கன வளவுகளில் மிஞ்சினது கிணறும் அத்திவாரமும்தான். அதன்பிறகு எங்களுக்கும் வீட்டு விதிகள் வந்தன. ஆனால் அவை காப்பதற்கான விதிகள் அல்ல, கட்டுவதற்கானவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, 550 சதுர அடி. ஒரு படி வேலை முடிந்தால்தான் அடுத்த தவணைக் காசு.

அந்த வீடுகளை நாங்கள் குறை சொல்லேல்லை. மாரிக்கு ஒழுகாத கூரையின் அருமை தறப்பாளுக்குக் கீழே இருந்தவைக்குத் தெரியும். ஆனால் மண்சுவர், குந்து, புறம்பாக நிண்ட அடுக்களை என்று வன்னிக்கு ஒரு வீட்டு முறை இருந்தது. போர் அதை இடித்தது. பிறகு வந்த வரைபடங்களில் அதற்கு இடம் இருக்கேல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாதது எந்த விசாரணையும் இல்லாமல் போய்விட்டது.

அதுக்காக காலியை அப்படியே பார்த்தெழுதவும் தேவையில்லை. அங்கே சுவர்கள் தப்பின. ஆனால் வீட்டு விலை ஏறினதில் பழைய குடும்பங்கள் பல விற்றுப்போட்டு வெளியேற, வீடுகள் விடுதிகளாயின. ஓட்டைக் காத்த விதியால் அதுக்குக் கீழே இருந்த ஆக்களைக் காக்க முடியேல்லை.

எங்களிட்ட நிலைமை மறுவளம். ஆக்கள் இருக்கினம், வீடுகள் இல்லை. அப்ப காக்கவேண்டியது அவர்களின் நினைவைத்தான். எங்கட அம்மம்மாக்கள் பழைய வளவில் வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எந்த மூலை என்று இண்டைக்கும் ஒரு தடியால் நிலத்தில் கீறிக் காட்டுவினம். அதைத் தாளில் வரைந்து, அளந்து, ஊர் வாசிகசாலையில் வைக்க எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை. தேவைப்படுகிறது கொஞ்சம் அவசரம் மட்டும்தான்.